மறதிப் படலை

தேர்தல் கடமைக்கு ஆள் வேண்டும் என்றால் அரசாங்கத்துக்கு முதலில் ஞாபகம் வருவது கணக்கு ரீச்சர்மார்தான். எங்களுக்கு எண்ணத் தெரியும், எதிர்த்துக் கதைக்கத் தெரியாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவதைப் பற்றி என்னுடைய பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

முப்பத்தொரு வருடம் சாத்தாவெளி மகா வித்தியாலயத்தில் கணக்குப் படிப்பித்தேன். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கால் வீக்கம், பிரஷர், இரண்டுக்கும் மருத்துவச் சான்றிதழ் வைத்து விண்ணப்பித்தும், "தவமலர் சிவபாதம், வாக்குச் சாவடித் தலைமை அலுவலர்" என்று கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு இது ஆறாவது ஜனாதிபதித் தேர்தல்.

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முதல், சனங்களுக்கு வாக்களிக்கும் முறையை விளக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். கரும்பலகையில் வாக்குச்சீட்டைக் கீறினேன். மூன்று வேட்பாளர், மூன்று சின்னம். வாளி, சுளகு, தையல் மெசின்.

"ஒருத்தர் வெல்லுறதெண்டால் அளிச்ச வாக்கில பாதிக்கு மேல எடுக்கவேணும்" என்றேன். "மற்ற ரெண்டு பேரையும் விடக் கூட எடுத்தால் காணாது. நூறு பேர் போட்டால் அம்பத்தொண்டு வேணும்."

"ஒருத்தருக்கும் அது கிடைக்காட்டி?" மில்காரி குணேஸ்வரி பின்னால் இருந்து கேட்டாள். என்னிடம் படித்தவள்தான். சந்தியில் மிளகாய்த்தூள் இடிக்கும் மில் வைத்திருக்கிறாள்.

"அதுக்குத்தான் விருப்பு வாக்கு. உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்கு 1. அவர் இல்லாட்டி ஆர் எண்டதுக்கு 2. பிறகு 3. முதல் எண்ணிக்கையில ஒருத்தரும் பாதி தாண்டாட்டி, முதல் ரெண்டு பேரையும் வைச்சுக்கொண்டு மூண்டாம் ஆளை விலத்துவினம். அந்த ஆளுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திருப்பி எடுத்து, அதில 2 ஆருக்கு விழுந்திருக்கெண்டு பாப்பினம். அதைக் கூட்டினாப் பிறகு ஆருக்குக் கூடவோ அவர் ஜனாதிபதி."

"இவ்வளவு காலமும் நாங்கள் ஒரு ஆளுக்கு நேர X எண்டு புள்ளடியைப் போட்டிட்டு வந்தனாங்கள் ரீச்சர்" என்றார் ஒருவர்.

"அதுவும் செல்லும். ஆனால் ரெண்டாம் எண்ணிக்கை வந்தால் உங்கட சீட்டு வாய் பேசாது. நான் உங்களுக்கு என்ன படிப்பிச்சனான்? ஒரு கேள்வியையும் வெறுமையா விடாதேங்கோ. எழுதினால் அரைப் புள்ளியாவது கிடைக்கும்."

சிரித்தார்கள். அரைப் புள்ளிக்காக நான் தொண்டை கிழியக் கத்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கரும்பலகையில் நான் எழுதிய 1. 2. 3. என்ற எண்களுக்குப் பக்கத்தில் புள்ளிகளும் இருந்தன. கேள்வி இலக்கம் போட்டுப் போட்டு என் கைக்கு அந்தப் பழக்கம். புள்ளி தேவையில்லை என்று சொல்லி அழித்தேன்.

குணேஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்கு யாரிடம் அந்த 2 போகும் என்பதுதான் கவலை.

அதை விளங்கிக்கொள்ளக் கஜீபனைப் பற்றிச் சொல்லவேண்டும். குணேஸின் ஒரே மகன். போன தேர்தலில் அவனுக்குப் பதினெட்டு, முதல் வாக்கு. போட்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது வாளிக் கொடி பிடித்தவர்கள் றோட்டில் மறித்து, "ஆருக்குப் போட்டனி?" என்று கேட்டார்கள். மற்றப் பெடியன்கள் எல்லாம் "உங்களுக்குத்தான் அண்ணை" என்று சொல்லித் தப்பினார்கள். இந்த விசரன் உண்மையைச் சொன்னான். அடித்துப் போட்டார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அவர்களை அனுப்பியவர் அப்போது அமைச்சர். இப்போது வாளிச் சின்னத்தின் ஜனாதிபதி வேட்பாளர்.

அப்படியென்றால் சுளகுக்கு 2 போடலாமே என்று கேட்பீர்கள். சுளகுக்காரர் பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது எங்கள் கரையோரக் காணி முழுவதையும் புல்டோசர் விட்டு வழித்தெடுத்தவர். குணேஸின் தகப்பன் காணியைத் திருப்பிக் கேட்டு அந்த மணலில் இருந்துகொண்டே உயிரை விட்டார். ஆகையால் சாத்தாவெளிச் சனம் முக்கால்வாசி தையல் மெசின்தான். காணாமல் போனவர்களுக்காக ஊர் ஊராக அலைந்த யூடித் அம்மாவின் சின்னம். அவர் வெல்லமாட்டார் என்று அவருக்கே தெரியும்.

கஜீபனைப் போல அந்தத் தேர்தலில் நாடு முழுக்க நாற்பத்திரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் "இரகசியக் காப்பு வாயில்". சனம் வைத்த பெயர் மறதிப் படலை.

ஒரு கதவு நிலை மாதிரித்தான் இருக்கும். வாக்குப் போட்டுவிட்டு அதற்குள்ளால் நடந்து வெளியே வரவேண்டும். வந்ததும் கடைசி ஆறு நிமிடம் தலையில் இருக்காது. அதைப் பூட்டிப் பொருத்தவந்த தொழில்நுட்பக்காரரிடம், மூளைக்கு ஒன்றும் ஆகாதோ என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை ரீச்சர். பாத்ததும் செய்ததும் மூளையில இறுகக் கொஞ்ச நேரம் எடுக்கும். சீமெந்து இறுக முதல் கையால தடவிவிட்டால் அடையாளம் இராதெல்லோ, அதுதான் இது. இறுகினதை இது தொடாது."

உண்மையைச் சொல்லவேண்டும், அது வேலை செய்தது. அடித்தாலும் சொல்லத் தெரியாதவனை எதற்கு அடிப்பது? சத்தியம் பண்ணச் சொன்னாலும் என்னவென்று பண்ணுவது? வாக்கை விலைக்கு வாங்குகிறவர்களும் கையை விட்டார்கள். தேர்தல் நாளில் றோட்டில் ஒரு தடியைக்கூடக் காணவில்லை. அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் முன்மொழிந்தவர் யார் தெரியுமா? வாளிக்காரர்தான். தேர்தல் மேடை முழுக்க அதைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்.

தேர்தல் நாள் காலையில் இருந்து பின்னேரம் வரை நான் படலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். வெளியே வருகிற ஒவ்வொருவரும் ஒரே மாதிரி முழித்தார்கள். "ரீச்சர், நான் போட்டிட்டனோ?" என்று கேட்டார்கள். "விரலைப் பார்" என்றேன். மை இருந்தது. சந்தோஷமாகப் போனார்கள். ஐந்நூறு அறுநூறு தரம் விரலைப் பார், விரலைப் பார் என்று சொல்லி என் தொண்டை வறண்டது.

குணேஸ் வெளியே வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. மையைப் பார்த்தாள். பிறகு வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நன்றாக அழுத்திப் பென்சில் பிடித்த தடம் விரலில் சிவந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

நான் என்னுடைய வாக்கை இரண்டு கிழமைக்கு முதலே போட்டுவிட்டேன். கடமையில் இருக்கிற எங்களுக்கு அஞ்சல் வாக்கு. வலயக் கல்விக் கந்தோரில் போட்டு, அங்கேயும் படலைக்குள்ளால் நடந்து, அங்கேயும் என் விரலை நானே பார்த்தேன். பிறகு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் யாருக்குப் போட்டிருப்பேன் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் எண்ணிக்கை முடிய வாளிக்கும் சுளகுக்கும் நூற்றுக்கு நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டு. சுளகு இருபது சொச்சம் வாக்கால் முன்னுக்கு நின்றது. மீதி யூடித் அம்மாவுக்கு. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. இந்த நாட்டில் இரண்டாம் எண்ணிக்கை இதற்கு முதல் ஒருதரமும் நடந்ததில்லை. சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

எண்ணுவதற்கும் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். சொந்த ஊர்ப் பெட்டியை எண்ண ஒருவரையும் விடுவதில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் எண்ணும் மண்டபத்தில் பாதிப் பேர் இல்லை. வெக்கையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், சிலர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெரிவத்தாட்சி அலுவலர் ஜெயசீலன் வந்து, "ரீச்சர், குறை நினையாதேங்கோ, பதினாலாம் மேசையை நீங்கள் எடுங்கோ. தையல் மெசின் கட்டுகள் கொஞ்சம்தான்" என்றார். அவர் கண் செத்த மீன் கண் மாதிரி இருந்தது. மறுக்க எனக்கும் தெம்பில்லை.

முதல் கட்டை அவிழ்த்ததும் விளங்கிவிட்டது. இது சாத்தாவெளி.

எப்படித் தெரியும் என்றால், எண்களைத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்த ஊரின் கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன். மீன்வாடி அல்பிறட்டின் 2, வாத்து மாதிரிக் கழுத்து நீண்டது. தபால்காரச் செல்வராணியின் 3 பாதியில் நின்றுவிடும். யார் யாருடையதைப் பார்த்தெழுதினார்கள் என்று வீட்டுக் கணக்கில் பிடிக்கிறவள் நான், எனக்கு இதுவா பெரிய வேலை? ஆறு நிமிடத்தை அழிக்கக் கோடி கோடியாய்க் கொட்டிய அரசாங்கம், கணக்கு ரீச்சரை அழிக்க மறந்துவிட்டது. எண்ணுகிற எங்களுக்குப் படலை இல்லை, ஒரு சத்தியக் கடதாசி மட்டும்தான். மீறினால் ஏழு வருடம் மறியல், சிறை.

நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். கண் கேட்டால்தானே.

மற்ற ஊர்களில் எல்லாம் சனம் வழக்கம்போல ஒரு புள்ளடியைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டாம் எண்ணிக்கையில் அவற்றில் எடுக்க ஒன்றுமில்லை. சாத்தாவெளியில் மட்டும் 1, 2, 3. பெரும்பாலும் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாத நல்ல பிள்ளைகள். தையல் மெசினுக்கு விழுந்த நானூற்றுப் பன்னிரண்டு சீட்டில், வாளிக்கு 2 போட்டவை இருநூற்று முப்பத்தொன்று. சுளகுக்கு நூற்று நாற்பத்தெட்டு. வெறுமையாக விட்டது முப்பத்துமூன்றே முப்பத்துமூன்று.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல் அஞ்சல் வாக்குக் கட்டும் எங்கள் மேசைக்கு வந்தது. என்னோடு இருந்த தபால் கந்தோர் மரியதாஸ் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "ரீச்சர், இதை என்ன செய்யிறது? இலக்கத்துக்குப் பக்கத்தில புள்ளி புள்ளியா வைச்சிருக்கு."

சுளகின் முகவர் எட்டிப் பார்த்தார். 2 வாளியில் இருந்தது. "இதை நிராகரிக்கவேணும்" என்று பாய்ந்தார். "போட்ட ஆளை அடையாளம் காட்டிற குறி இருந்தால் சீட்டுச் செல்லாது. சட்டத்தில இருக்கு."

"உந்தப் புள்ளி ஆரை அண்ணை அடையாளம் காட்டுது?" என்று வாளியின் முகவர் சிரித்தார்.

எல்லோரும் மேசைத் தலைவியான என்னைப் பார்த்தார்கள். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் நித்திரை இல்லை, கால் இரண்டும் உரல் மாதிரிக் கனத்தது. நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "வாக்காளர்ட விருப்பம் தெளிவா இருக்கு. செல்லும்" என்று சொல்லி வாளிக் கட்டில் வைத்தேன்.

அன்று பின்னேரம் முடிவு வந்தது. நாடு முழுக்கக் கூட்டிக் கழித்து வாளி அறுபத்தொரு வாக்கால் வென்றது.

ஊர் ஊரான எண்ணிக்கையைப் பத்திரிகைகள் போட்டன. ஜனாதிபதியைத் தெரிவு செய்தது சாத்தாவெளி என்று தலைப்பு வந்தது. கணக்குப் பார்த்தால் சரிதான். எங்கள் ஊர் 2ஐ எழுதாமல் விட்டிருந்தால் சுளகு வென்றிருக்கும். அரைப் புள்ளி கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தவளை யாரும் ஏசவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்பிறட்டின் தாய் செத்த வீட்டுக்கு இருபது பேர்தான் போனார்கள். கோயில் கூட்டம் பாதியில் குழம்பியது. "நீயோ?" என்று கேட்டால் "தெரியேல்லை" என்றுதான் பதில். அதற்கு மேல் அடிக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது.

குணேஸ் மில்லைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். சீப்பால் தலை இழுக்கவில்லை, கண் குழி விழுந்திருந்தது. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை.

"ரீச்சர், நீங்கள் எண்ணின இடத்தில நிண்டனீங்களாம்."

"நிண்டனான்."

"எங்கட எழுத்தைக் கண்டால் உங்களுக்குத் தெரியும். சின்னனில நான் பாத்தெழுதினதை எத்தினை தரம் பிடிச்சனீங்கள்." அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. நான் அவனுக்கு 2 போட்டனானோ?"

"குணேஸ், அது சொல்லக்கூடாது. மறியல்."

"உள்ளுக்குப் போகேக்க போடுறேல்லை எண்டுதான் போனனான். ஆனால் வெறுமையா விடாதேங்கோ எண்டு நீங்கள் சொன்னது காதுக்குள்ள நிண்டது. கை என்ன செய்ததெண்டு எனக்குத் தெரியேல்லை ரீச்சர். என்ர பிள்ளையைச் சாகடிச்சவனுக்கு இந்தக் கையால போட்டனெண்டால், இதால நான் இனிச் சோறு தின்னமாட்டன். கஜீபன்ட படத்துக்கு முன்னால விளக்குக் கொழுத்தக்கூடப் பயமாக் கிடக்கு. பத்து நாளாக் கொழுத்தேல்லை."

ஏழு வருடம் மறியல் என்றால் எனக்கு அறுபத்தாறு வயதாகும். ஆகட்டும் என்று நினைத்தேன்.

"உன்ர 1க்குத் தொப்பியும் இருக்கும், செருப்பும் இருக்கும்" என்றேன். "மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. சின்னனில இருந்தே அப்பிடித்தான் எழுதுவாய். நான் கண்டனான். தையல் மெசினுக்கு நேர 1. சீட்டுக் கிழியிற அளவுக்கு அழுத்தியிருந்தாய். மற்ற ரெண்டும் வெறுமை. நான் சொன்னதை நீ கேக்கேல்லை, குணேஸ். நல்ல காலம் கேக்கேல்லை."

"உண்மையாவோ?"

"அம்மாளாணை உண்மை."

அவள் முகத்தைக் கையில் புதைத்து அழுதாள். பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்த அந்தக் கையைத்தான் முகத்தில் வைத்திருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப ஆர் ரீச்சர்? எங்கட ஊரில இருநூறு பேருக்கு மேல. என்ர பிள்ளையை அடிச்சுச் சாகடிச்சது எல்லாருக்கும் தெரியும். ஆர் போட்டது?"

"மற்றவையின்ர எழுத்தைக் கேளாத."

"உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவர்களில் பலர் கஜீபனின் பாடையைத் தூக்கியவர்கள் என்பதும் தெரியும். சாகும்வரை அதை என் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வேன். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்கு மட்டும் நல்லவளாக அந்தக் கதிரையில் இருக்க என்னால் முடியவில்லை.

"ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லலாம்" என்றேன். "அஞ்சல் வாக்குக் கட்டில வந்தது. இலக்கத்துக்குப் பக்கத்தில புள்ளி வைச்சிருந்தது. முகவர்மார் சண்டை பிடிச்சவை, ஆரை அடையாளம் காட்டுதெண்டு. நான் செல்லும் எண்டு சொன்னனான்."

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. என்னிடம் படித்தவள் அல்லவா, என் கரும்பலகையைப் பார்த்தவள்.

"நீங்களோ?"

"1 யூடித் அம்மாவுக்குத்தான். 2 வாளிக்கு."

"கஜீபன் உங்களிட்டப் படிச்சவன் ரீச்சர்." சத்தமில்லாமல் சொன்னாள்.

"ஓம்."

"ஏன் போட்டனீங்கள்?"

பத்து நாளாக நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெறுமையாக விடமுடியாத கைப்பழக்கமா? அப்படியானால் சுளகில் போட்டிருக்கலாமே. ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்ற பயமா? மறதிப் படலையால் சாவு நின்றதே என்ற நன்றியா? போதும், யாராவது வந்து தொலையட்டும் என்ற அலுப்பா? அந்த ஆறு நிமிடத்துக்குள் நான் என்ன நினைத்தேன் என்பது இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

"தெரியேல்லை, குணேஸ்."

அவள் எழுந்தாள். கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் கழுவி வைத்துவிட்டு வந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஊரில எல்லாரும் அதைத்தான் ரீச்சர் சொல்லுகினம். என்ர பிள்ளை மட்டுந்தான் கேட்டவங்களுக்கு உண்மையைச் சொன்னவன்."

தெரியேல்லை என்று நானும் உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பாமல் போனாள். போகட்டும், எனக்கே அதை நம்ப முடியவில்லை.